கூலியில்லாக் கப்பலும் கரையில் நிற்கும் நாமும்

அண்மையில் எங்கள் வாசகர் வட்டத்தில், மேட் வுல்ஃப் இயக்கி 2020இல் வெளிவந்த ‘ஸ்பேஸ்ஷிப் எர்த்’ ஆவணப்படத்தைப் பார்த்தோம். அரிசோனாவில், கண்ணாடிக் கூரையின் கீழ் எட்டுப் பேர் இரண்டாண்டுகள் அடைபட்டு வாழ்ந்த ‘பயோஸ்பியர் 2’ சோதனையைப் பற்றிய படம் அது. படம் முடிந்து தேநீர் வந்ததும் தொடங்கிய சண்டை மட்டும் அந்தக் கண்ணாடி மாளிகையைப் பற்றியதாக இல்லை. படத்தின் முற்பகுதியில் வரும் ஒரு கப்பலைப் பற்றியே அனைவரும் பேசினார்கள். அதன் பெயர் ஹெராக்ளிட்டஸ்.

அறிவியல் பயிற்றுவிக்கும் நண்பர் ஒருவர் சிரித்தார். “பட்டம் கிடையாது, சம்பளம் கிடையாது, நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் உலகம் சுற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் கடலாய்வா? உல்லாசப் பயணம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்” என்றார். கவிஞர் ஒருவர் கொதித்தெழுந்தார். “பணத்தின் பிடியிலிருந்து வெளியேறிய மனிதர்கள் வேறெப்படி இருப்பார்கள்? அது கப்பலே அல்ல, மிதக்கும் சுதந்திரம்” என்றார்.

இருவருமே என் மதிப்புக்குரியவர்கள். ஆயினும் இருவர் சொன்னதும் பிழை என்பதே என் துணிபு. இருவரும் கப்பலைப் பார்க்கவே இல்லை. ஒருவர் அதன்மேல் தன் இளக்காரத்தை ஏற்றினார், மற்றவர் தன் கனவை ஏற்றினார். அன்றிரவு பேச வாய்ப்புக் கிடைக்காததால் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் கப்பல். 1970களின் நடுவில் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் அதைக் கட்டியவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். கப்பல் கட்டும் தொழிலை அதற்குமுன் அறியாதவர்கள். அவர்களில் பலர் ஜான் ஆலன் என்பவரைச் சுற்றித் திரண்ட ஒரு நாடகக் குழுவிலிருந்தும், நியூ மெக்ஸிகோவின் சாண்டா ஃபே அருகே அக்குழு நடத்திய பண்ணையிலிருந்தும் வந்தவர்கள். 1973இல் அவர்கள் நிறுவிய ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் இகோடெக்னிக்ஸ்’ என்னும் அமைப்பே கப்பலை நடத்தியது. சீனத்து ‘ஜங்க்’ கப்பலின் சாயலில் மூன்று பாய்மரங்கள், சுமார் 25 மீட்டர் நீளம். உடல் மரமன்று, இரும்புமன்று, ஃபெர்ரோ சிமெண்ட். அதாவது, இரும்புக் கம்பிவலையைப் பல அடுக்குகளாகக் கட்டி, அதில் சிமெண்டுச் சாந்தைக் கையால் அழுத்திப் பூசிச் செய்த உடல். ஜோசப் லூயி லாம்போ என்னும் பிரெஞ்சுக்காரர் 1840களிலேயே இம்முறையில் சிறு படகு செய்திருக்கிறார். 1960களிலும் 70களிலும், கையில் காசில்லாத கடல்மோகிகளுக்கெல்லாம் இதுவே வழியாக இருந்தது.

அந்தக் கப்பல் 1980க்கும் 82க்கும் இடையில் அமேசான் ஆற்றில் பெரு நாடுவரை ஏறிச் சென்றது. தாவரங்களுக்கும் அங்குள்ள மக்களுக்குமான உறவை ஆராய்ந்த அப்பயணத்தில், ஹார்வர்டின் புகழ்பெற்ற தாவரவியலாளர் ரிச்சர்ட் இவான்ஸ் ஷல்டிஸுக்கும் பங்குண்டு. 1980களின் இறுதியில் அண்டார்க்டிகா சென்றது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பவளத்திட்டுகளைக் கவனிக்கும் பணியில் இருந்தது. இரண்டரை லட்சம் கடல்மைலுக்கு மேல் ஓடியிருப்பதாக அதை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். 2012இல் ஸ்பெயினின் ரோஸஸ் துறைமுகத்தில் கரையேற்றப்பட்டு, பல ஆண்டுகள் அதன் உடல் மறுபடி கட்டப்பட்டது. அந்த வேலையிலும் தன்னார்வலர்களே இறங்கினார்கள்.

உல்லாசப் பயணம் போகிறவர்கள் இத்தனை சிமெண்டு குழைப்பதில்லை. இதைச் சொல்லிவிட்டு அறிவியல் நண்பரிடம் வருகிறேன்.

*

சம்பளமும் பட்டமும் இல்லாதவர் கடலைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர் என்றால், நண்பர் தம் பாடநூலின் சரிபாதியைக் கிழித்தெறிய வேண்டியிருக்கும்.

1831இல் பீகிள் கப்பலில் ஏறியபோது டார்வினுக்கு வயது 22. மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டு, பாதிரியார் ஆவதற்கு ஆயத்தமாகக் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றிருந்தவர். கப்பலில் அவருக்குச் சம்பளம் கிடையாது, செலவைத் தந்தையார் ஏற்றார். அக்கப்பலில் இயற்கையியல் பணிக்கு உரியவராகக் கருதப்பட்டவர் அறுவை மருத்துவர் மக்கார்மிக். அவர் சில மாதங்களிலேயே கோபித்துக்கொண்டு ஊர் திரும்பினார். கூலியில்லாத இளைஞர் ஐந்தாண்டுகள் தங்கினார். பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ மாரி, 1847 முதல் காற்று, நீரோட்ட வரைபடங்களை வெளியிட்டார். அவற்றுக்கான தரவுகள் வணிகக் கப்பல், திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர்களின் பதிவேடுகளிலிருந்து வந்தவை. பதிவேட்டை நிரப்பி அனுப்பினால் வரைபடம் இலவசம் என்பதே ஒப்பந்தம். அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த மிதவையுயிர்ப் பதிவுக் கருவி இன்னொரு சான்று. பட்டு வலைச்சுருள் அடங்கிய அந்தப் பெட்டியை 1931 முதல் வணிகக் கப்பல்கள் தம் வழக்கமான பாதைகளில் கூலி வாங்காமல் பின்னால் கட்டி இழுத்துச் செல்கின்றன. கடல்வாழ் நுண்ணுயிர்களைப் பற்றி இன்று நம்மிடம் இருக்கும் மிக நீண்ட தொடர்பதிவுகளில் ஒன்று இப்படித்தான் உருவானது.

பழங்கதை வேண்டாம் என்பீர்களானால், சார்ல்ஸ் மூரைப் பாருங்கள். மரச்சாமான்களைச் செப்பனிடும் தொழில் நடத்தியவர். 1997இல் ஹவாயில் முடிந்த படகுப் பந்தயத்திலிருந்து கலிபோர்னியாவுக்குத் திரும்புகையில், நடுப் பசிபிக்கில் நாள்தோறும் பிளாஸ்டிக் மிதப்பதைக் கண்டார். கண்டதை வியந்து எழுதியதோடு நிற்கவில்லை. 1999இல் தன்னார்வலர்களோடு அதே இடத்துக்குத் தம் படகில் திரும்பினார். வலையை வீசி, அள்ளியதைப் பிரித்து எடை போட வைத்தார். 2001இல் ஆய்விதழில் வெளியான முடிவு, அந்த நீர்ப்பரப்பில் பிளாஸ்டிக்கின் எடை மிதவையுயிர்களின் எடையைப்போல் ஆறு மடங்கு என்றது. உலகம் முழுவதும் கடல் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசத் தொடங்கியதில் அந்தத் தாளுக்குப் பெரும் பங்குண்டு.

இந்த வரிசையிலுள்ள ஒவ்வொருவரையும் அறிவியலுக்குள் கொண்டுவந்தது எது? பட்டமும் சம்பளமும் அல்ல என்பது தெளிவு. எந்த நாளில், எந்த இடத்தில், எந்தக் கருவியால், எவ்வளவு என்ற பதிவு. பிறர் எடுத்துப் பார்த்து, தவறென்றும் சொல்லக்கூடிய பதிவு. அது இருந்தால் மரவேலைக்காரரும் அறிவியலாளர், இல்லையென்றால் பேராசிரியரும் பயணிதான்.

ஹெராக்ளிட்டஸ் கூட்டத்தாரைப் பற்றியே ஒரு சான்று இருக்கிறது. பயோஸ்பியர் 2க்குள் ஒரு சிறு கடலை அமைத்து, கரீபியப் பகுதியிலிருந்து பவளங்களைக் கொண்டுவந்து அதில் வாழவைத்தார்கள். அப்பணியை முன்நின்று செய்த அபிகெய்ல் ஆலிங் ஹெராக்ளிட்டஸில் கடலோடியவர். பாலைவனத்தில் பவளமா என்று அன்று பலர் நகைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் அவ்விடத்தைப் பொறுப்பேற்றபோது, கிறிஸ் லாங்டன் என்ற ஆய்வாளர் அதே சிறு கடலின் வேதியியலை மாற்றிமாற்றிச் சோதித்தார். கடல்நீரில் கால்சியம் கார்பனேட்டின் செறிவுநிலை தாழ்ந்தால், பவளத்திட்டு சுண்ணாம்பைக் கட்டும் வேகமும் தாழ்கிறது என்று 2000இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. கடல் அமிலமாவதைப் பற்றிய பேச்சில் அது முக்கியமான தாள். நாடகக்காரர்கள் கட்டிய குளத்தில்தான் அந்த உண்மை அகப்பட்டது.

*

இனிக் கவிஞர் நண்பர். இவரோடுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். எதிரியின் இளக்காரத்துக்கு விடை சொல்லிவிடலாம். ரசிகரின் மயக்கம்தான் ஆளைக் கெடுப்பது.

மிதக்கும் சுதந்திரம் என்றார். பாய்மரக் கப்பலில் வாழ்வோர் நாளைப் பகுதிகளாகப் பிரித்து முறைவைத்து விழித்திருப்பார்கள். நான்கு மணி நேரம் காவல், பிறகு ஓய்வு, மறுபடி காவல். நள்ளிரவில் ஒருவர் வந்து தோளைத் தொட்டால் எழுந்தே ஆகவேண்டும். கவிதை பாதியில் நிற்கிறது என்று சொல்ல முடியாது. குடிநீர் அளந்து கிடைக்கும், பாத்திரம் கடல்நீரில் துலங்கும். குமட்டல் ஓயாத ஆளும் தன் முறை வரும் நாளில் ஆடும் அடுப்பின்முன் நின்று எல்லோருக்கும் சமைக்க வேண்டும். எஞ்சிய பொழுதெல்லாம் துருவைச் சுரண்டல், சாயம் பூசல், கிழிந்த பாயைத் தைத்தல். வலையை இறக்கிக் கடலை அளக்கும் அந்த அரைமணி நேரத்தைத்தான் நாம் ஆய்வுப் பயணம் என்கிறோம். அந்த அரைமணியைச் சாத்தியமாக்குவது மீதி இருபத்துமூன்றரை மணி நேரம்.

இதில் விடுதலை இல்லை என்று நான் சொல்லவில்லை. அடுத்தவர் தூங்குவதற்காக நான் விழித்திருக்கிறேன் என்பதில் ஒரு மனிதன் உணரும் நிறைவு பெரியது. ஆனால் அதன் பெயர் சுதந்திரமன்று, கடமை. கடமையைச் சுதந்திரம் என்று விற்பவர்களிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அது ஆய்வுக் கப்பலுமன்று, கூலியற்றவர்களின் கப்பலுமன்று. ஆனால் அதே மாதிரி நட்பால் கட்டப்பட்ட கலம். 2012 அக்டோபரில், ‘பவுண்டி’ என்ற பாய்மரக் கப்பல் அமெரிக்காவின் நியூ லண்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. ‘சாண்டி’ சூறாவளி வந்துகொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். விருப்பமில்லாதவர் இறங்கிக்கொள்ளலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள் என்று கேப்டன் கூடச் சொன்னார். பதினாறு பேரில் ஒருவரும் இறங்கவில்லை. நான்கு நாட்களில் கப்பல் மூழ்கியது. பதினான்கு பேரை ஹெலிகாப்டர்கள் மீட்டன. ஒரு பெண் மாலுமி இறந்தார், கேப்டனின் உடல் கிடைக்கவே இல்லை. புறப்பட எடுத்த முடிவு பொறுப்பற்றது என்று பின்னர் விசாரணை அமைப்பு எழுதியது. ‘இறங்கலாம்’ என்று சொன்ன பிறகும் யாராலும் இறங்க முடியாமற்போனது ஏன்? தோழமை விடவில்லை. மிதக்கும் சுதந்திரத்தின் மறுபக்கம் இது.

அடுத்து, பணத்தின் பிடியிலிருந்து வெளியேறியவர்கள் என்றார். கூலி வாங்காதவர் பணத்தைக் கடந்தவர் அல்லர். அவர் உண்ணும் சோற்றுக்கு வேறெவரோ கொடுக்கிறார். டார்வினுக்குத் தந்தை கொடுத்தார். பயோஸ்பியர் 2க்கும் ஆலன் குழுவின் பல முயற்சிகளுக்கும் டெக்சாஸின் எண்ணெய்ச் செல்வக் குடும்பத்தவரான எட் பாஸ் கொடுத்தார். பாராட்டுக்குரிய பணிகளைச் செய்த பிரெஞ்சுக் கப்பல் ‘தாரா’வை 2003இல் வாங்கி நடத்த முன்வந்தது ஆடை வடிவமைப்பாளர் அன்யேஸ் பே. கொடுத்தவர்களை நான் குறைசொல்லவில்லை. கொடுத்தவர் பெயரை மறைத்துவிட்டுக் காற்றையும் கடலையும் மட்டும் பாடுவது பொய் என்கிறேன்.

கூலி வாங்காமல் ஓராண்டு கப்பலில் இருக்க யாரால் முடியும்? திரும்பிவந்தால் தங்க வீடிருப்பவரால், மாதாமாதம் பணம் எதிர்பார்க்கும் பெற்றோர் இல்லாதவரால், எந்தத் துறைமுகத்திலும் கேள்வியின்றி இறங்கவிடும் கடவுச்சீட்டு வைத்திருப்பவரால். தன்னார்வம் என்ற சொல்லுக்குள் இத்தனை நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. விருப்பம் மட்டும் போதுமானால் உலகின் பாதி இளைஞர்கள் கப்பலில் இருப்பார்கள்.

சொந்தக் காசில் பயணம் செய்த ஜோசப் பேங்க்ஸை அறிவியல் கொண்டாடுகிறது. கேப்டன் குக்கின் ‘எண்டவர்’ கப்பலில் தம் ஆட்களோடு ஏறிய செல்வந்தர். 1769 ஜனவரியில் தென்னமெரிக்காவின் தென்கோடியில் செடி பறிக்க மலையேறினார்கள், பனி பிடித்துக்கொண்டது. அந்த இரவில் உறைந்து இறந்தவர்கள் இருவர், அவருடைய கறுப்பினப் பணியாளர்களான தாமஸ் ரிச்மண்டும் ஜார்ஜ் டார்ல்டனும். பேங்க்ஸின் பெயரால் ஒரு தாவரப் பேரினமே இருக்கிறது. அதே காலத்தில், பூகன்வில்லின் பயணத்தில் ஆண் வேடமிட்டு ஏறிய ழான் பாரே, தாவரவியலாளர் கொம்மர்சோனுக்காகச் செடிகளைச் சேகரித்துச் சுமந்தார். உலகைச் சுற்றிய முதல் பெண் என்று அறியப்படும் அவருடைய பெயரில் ஒரு செடிக்குப் பெயர் வைக்க 2012 வரை ஆயிற்று. கடலாய்வின் வரலாறு முழுவதும், கயிறு இழுத்தவரும் சோறாக்கியவரும் பெயரில்லாமல் போனவர்கள். கூலியற்ற கப்பல் இந்தக் கணக்கைத் தானாகத் திருத்திவிடாது. அதிலும் பெயர் போடப்படாமல் ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டுதான் இருப்பார்.

*

‘அது ஒருவரை வழிபடும் கூட்டம்’ என்ற குற்றச்சாட்டும் அன்று எழுந்தது. 1991இல் அமெரிக்க ஏடுகளும் அதைத்தான் எழுதின. அக்குழுவின் உள்வாழ்வை நாற்காலியில் உட்கார்ந்து நான் தீர்ப்பிட முடியாது. ஆனால் பயோஸ்பியர் 2 மக்களின் நம்பிக்கையை இழந்த விதம் பதிவாகியிருக்கிறது. 1991 செப்டம்பர் 26 அன்று கதவு மூடியது. சில வாரங்களில் விரலில் காயம்பட்ட ஒருவர் மருத்துவத்துக்கு வெளியே சென்று, திரும்பும்போது ஒரு பையுடன் உள்ளே போனார். உள்ளே கரியமில வாயுவை உறிஞ்சும் இயந்திரம் இருப்பதும் பின்னர்தான் வெளியே தெரிந்தது. இவற்றை முதல்நாளே சொல்லியிருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். மறைத்தார்கள், கெட்டது.

அதே சோதனையில் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். உள்ளேயிருந்த காற்றில் உயிர்வளி 20.9 விழுக்காட்டிலிருந்து மெல்ல மெல்லச் சரிந்து ஏறத்தாழ 14 விழுக்காட்டுக்கு வந்தது. எட்டுப் பேரும் மூச்சிரைத்தார்கள், 1993 ஜனவரியில் வெளியிலிருந்து உயிர்வளி ஏற்ற வேண்டியதாயிற்று. இதைத் தோல்வி என்று ஊர் சிரித்தது. ஆனால் அளவுகள் நாள்தோறும் எழுதப்பட்டிருந்தன. ஜெஃப் செவரிங்ஹாஸ் போன்றோர் அவற்றை வைத்துக் காரணத்தைக் கண்டறிந்தார்கள். வளமான மண்ணின் நுண்ணுயிர்கள் உயிர்வளியை உண்டு கரியமில வாயுவை வெளியிட்டன. அந்த வாயுவைப் பூசப்படாத கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டன. தோற்ற சோதனையிலிருந்து ஓர் அறிவு பிறந்தது, பதிவு இருந்ததால்.

ஆக, மறைத்த இடத்தில் சிறுமைப்பட்டார்கள், எழுதிவைத்த இடத்தில் மதிப்புப் பெற்றார்கள். தொழில்முறை ஆய்வாளரைக் கேள்வி கேட்க அவருடைய நிறுவனம் இருக்கிறது, தணிக்கை இருக்கிறது. ஆர்வலர் கூட்டத்தைக் கேட்க யாருமில்லை. ஆகவே தம்மைத் தாமே திறந்துவைக்கும் கடமை அவர்களுக்கு இருமடங்கு. ஃபெர்ரோ சிமெண்டுக் கப்பல் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வெளியே சாந்து வழவழப்பாக இருக்கும், உள்ளே கம்பிவலை துருவேறிக்கொண்டிருக்கும், உடைத்துப் பார்க்காமல் தெரியாது.

*

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு என் சொந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இளமையில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்தினேன். ஏழு இதழ்கள் வந்தன. எவருக்கும் காசு கிடையாது. அதைத் தியாகம் என்று நாங்களே மேடைகளில் சொல்லிக்கொண்டோம். ஏழு இதழுக்கும் மெய்ப்புப் பார்த்தவர், உறையில் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டியவர் ஒரே நண்பர். தலையங்கத்தில் கம்பீரமாகக் கையெழுத்திட்ட எனக்கு, அவர் பெயரை ஓர் இதழிலும் அச்சிடத் தோன்றவில்லை. அச்சகத்துப் பாக்கியை அவர்தான் தம் சம்பளத்திலிருந்து கட்டினார் என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. ‘கூலியை எதிர்பாராத உழைப்பு’ என்று யாராவது உருகினால் எனக்கு அவர் முகம் நினைவுக்கு வருகிறது. அன்று கவிஞர் நண்பர் பேசியபோது எனக்கு எழுந்த கோபத்தில் பாதி என்மேல் உள்ளது.

எனவே நண்பர்களே, அடுத்தமுறை இப்படியொரு கப்பலைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘இவர்கள் அறிவியலாளர்களா, கனவு காண்பவர்களா’ என்று கேட்காதீர்கள். மூன்றே கேள்விகள் கேளுங்கள். பதிவேடு எங்கே, அதில் தோல்விகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா? யார் செலவில் ஓடுகிறது, அதைத் திறந்து சொல்கிறார்களா? சமைத்தவர், துருச் சுரண்டியவர், இரவில் சுக்கானைப் பிடித்தவர் பெயர்கள் அறிக்கையில் இருக்கின்றனவா? மூன்றுக்கும் விடையிருந்தால் அந்தக் கப்பலை வணங்குவேன், அதில் ஒரு பட்டதாரிகூட இல்லாவிட்டாலும். விடையில்லையென்றால், எத்தனை பாய்மரங்கள் விரிந்திருந்தாலும் அது எனக்கு வேண்டாம்.

மறுக்க விரும்புபவர்கள் மறுக்கலாம். அன்றைக்குத் தேநீர் போட்டவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், எனக்கு அது நினைவில் இல்லை.